எட்டுப் பேருக்கு ஒரு வாசல்

எம். புதுப்பட்டியில் யோபுவின் கச்சேரியை ஒரு தடவை கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அதில் யோபுவுக்கு வருத்தம் கிடையாது. முதல் தடவை எழுந்து ஓடினார்களே, அதுவே காது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்பார். இப்படிப்பட்ட மனிதரை யாரால் திருத்த முடியும்?

தொழில் என்று பார்த்தால் அவர் ரேடியோ செட் போடுகிறவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஆம்பிளிபயரையும் பாட்டரியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வாயகன்ற குழாயை மரத்தில் கட்டிவிட்டு வருவார். யுத்த காலத்தில் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் மூன்று வருடம் இருந்து, ரேடியோவுக்குள் எரிகிற கண்ணாடி வால்வுகளின் வேலை படித்தவர். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். மகனும் வாத்தியாராவான் என்று காத்திருந்தவர், மகன் பழைய குடைக்கம்பிகளைக் கூரைமேல் ஏற்றி ஏரியல் கட்டுவதைப் பார்த்துவிட்டு, சபையில் அவன் பெயரை ஜெபக் குறிப்பில் எழுதிக் கொடுத்தார்.

ஜெபம் பலிக்கவில்லை. 1954இல் ஒரு மழை நாளில்தான் அந்தக் கிறுக்கு முழுசாகப் பிடித்தது. ரேடியோவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளைத் திருப்பும்போது ‘ஊய்ங்’ என்று ஓர் ஊளை வருமே, ரிப்பேருக்கு வந்த பெட்டியில் அது வந்தது. எல்லாரும் அதைத் தாண்டிப் பாட்டுக்குப் போவார்கள். யோபு பாட்டை விட்டுவிட்டு ஊளையிலேயே நின்றுவிட்டார். கையைக் கிட்டே கொண்டுபோனால் ஊளை ஏறியது, விலக்கினால் இறங்கியது. மனைவி இன்பத்தின் பித்தளைச் செம்பைக் கம்பியால் அதோடு கோத்துவிட்டதும், செம்புக்கு மேலே கையை ஆட்டியே சத்தத்தை நீட்டவும் மடக்கவும் முடிந்தது. செம்பு அதற்குப் பிறகு அடுப்படிக்குத் திரும்பவில்லை. கருவிக்கு ‘சாட்சி’ என்று அவர் பெயர் வைத்தார். ஊர் அதை ‘யோபு ஊளை’ என்றது. ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது.

சரி, ஒரு விளையாட்டு என்று விட்டிருந்தால் தேவலை. அவருக்கு அதில் அரசியல் இருந்தது. எல்லாக் கட்சி மேடைக்கும் கீழே உட்கார்ந்து எல்லாப் பேச்சையும் ஒன்றுவிடாமல் கேட்கும்படி சபிக்கப்பட்டவர் ரேடியோ செட்காரர் ஒருவர்தான். பத்து வருடம் கேட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “பேச்சக் கேட்டா கை தட்டுவான். பாட்டக் கேட்டா தலைய ஆட்டுவான். ரெண்டும் முடிஞ்சா வீட்டுக்குப் போயிச் சோறு திம்பான். இதுவரைக்கும் கேக்காத சத்தத்தக் கேட்டாத்தான் இதுவரைக்கும் கேக்காத கேள்வியக் கேப்பான்” என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார். கேட்டவர்கள் டீயைச் சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். வேட்பாளர்கள் பேசும்போதே ஊளையை அடியில் ஓடவிட்டதற்காக இரண்டு கட்சிகள் அவரை நீக்கி அறிக்கை விட்டன. இரண்டிலும் அவர் சேர்ந்திருக்கவேயில்லை.

விருதுநகரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். சீர்வரிசைத் தட்டுகள் உள்ளே போய்க்கொண்டே இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. வரதட்சணையைக் கண்டித்து ஐந்து நிமிடம் ஊளையைத் திறந்துவிட்டார். யாருக்கும் அது கண்டனம் என்று புரியவில்லை. ஆனால் நாயனக்காரர் தன்னோடு யாரோ போட்டிக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஊளை ஏற அவரும் ஏற, ஊளை இன்னும் ஏற, அவர் கன்னம் பலூனாகி, கடைசியில் வாயிலிருந்த சீவாளி பிளந்துவிட்டது. பெண் வீட்டார் யோபுவைக் குழாயோடு சேர்த்து வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

இன்பத்துக்கு இந்தக் கூத்தெல்லாம் பார்க்க நேரம் கிடையாது. அவள் சங்கரலிங்கம் முதலாளியின் வெடிக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் கொடுப்பதல்ல, வெடிக்குள் போவது. மருந்து அறையில் எட்டுப் பெண்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்காருவார்கள். அறைக்கு ஒரே வாசல். கதவு உள்பக்கம் திறப்பது. இன்பத்தின் இடம் வாசலுக்கு நேர் எதிரே, கடைசி மூலை.

1958 கோடையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓர் அறையில் தீப்பிடித்து நாலு பேர் போனார்கள். நாலு பேரும் கதவை ஒட்டியே கிடந்தார்கள். உள்பக்கம் திறக்கிற கதவை உள்ளிருந்து எல்லாரும் சேர்ந்து தள்ளினால் அது எப்படித் திறக்கும்? செய்தியைக் கேட்ட நாளிலிருந்து யோபுவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்பம் சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்வரை அவருக்குக் கை ஓடாது. “வேலைக்குப் போகாத” என்று சொல்லிப் பார்த்தார். “ஒங்க ஊளைய வச்சா ஒலை வைக்கிறது?” என்று அவள் கேட்டாள்.

எட்டுப் பேரில் வாயுள்ளவள் இருளம்மாள். அவள்தான் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய், அறைக்கு இரண்டாவது வாசல் வேண்டும், அதுவும் வெளியே திறக்கிற கதவாக வேண்டும் என்று போர்மேன் காளிராஜிடம் கேட்டாள். “சீசன் முடியட்டும்” என்றார் காளிராஜ். சீசன் முடிந்ததும் “ஆர்டர் வரட்டும்” என்றார். ஆர்டர் வந்ததும் சீசன் வந்துவிட்டது.

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று யோபு சாட்சியை எடுத்தார். இரண்டு மாதம் வேலை செய்தார். ஆளுக்கொன்றாக எட்டு ஊளை. எட்டும் ஒரே குழாய் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். முண்டியடித்து, ஒன்றோடொன்று மோதி, நசுங்கி, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சலாக ஏறும்.

“இதுல நான் எது?” என்று கேட்டாள் இன்பம்.

“கடைசியா கீச்சுன்னு வருது பாரு, அது.”

“நான் கீச்சுன்னா பேசுறேன்?”

அன்று அவருக்குச் சோறு ஆறித்தான் கிடைத்தது.

கம்பெனிக்கு எதிர்ப் பொட்டலில் மே தினத்தன்று கச்சேரி. அனுமதி கேட்டுப் போனபோது, அந்தப் பக்கம் பேச்சும் கூடாது, பாட்டும் கூடாது என்று உத்தரவு இருந்தது. ஏட்டு கோட்டைச்சாமி நியாயமான மனிதர். “இது பேச்சா?” என்றார். “இல்லைங்கையா.” “பாட்டா?” “இல்லைங்கையா.” “பின்ன என்னதான்யா அது?” யோபு அங்கேயே கருவியை ஓட்டிக் காட்டினார். ஏட்டு காதைப் பொத்திக்கொண்டு, “இது ரெண்டும் இல்ல, வெறும் சத்தம்தான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடும்” என்றார். ஐந்து வருட உழைப்பை வெறும் சத்தம் என்று தன் கையாலேயே எழுத யோபுவுக்கு நெஞ்சு வலித்தது. எழுதிக் கொடுத்து, ஏட்டின் கையெழுத்தோடு ஒரு நகலும் வாங்கிக்கொண்டு வந்தார்.

கச்சேரிக்கு அறுபது பேர் வந்தார்கள். முதல் ஊளையிலேயே செட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, ஒருவர் எழுந்து வந்து ஆம்பிளிபயர் தலையில் இரண்டு தட்டு தட்டினார். ஐந்தாவது ஊளையில் பாதிப் பேர் இல்லை. இருளம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். இன்பம் முக்காடு போட்டுக்கொண்டாள். எட்டும் சேர்ந்து உச்சிக்கு ஏறியபோது பொட்டலில் மிஞ்சியது ஒரு கட்டிப்போட்ட எருமைதான், அதுவும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஒருவர் கேட்டார். சிவகாசியிலிருந்து காரில் வந்துகொண்டிருந்த சங்கரலிங்கம் முதலாளி, ஊருக்கு ஒரு மைல் முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, கடைசிவரை கேட்டார். முப்பது வருடம் வெடியிலேயே ஊறிய காது அது. அந்தக் காதுக்கு அது ஊளையாகப் படவில்லை. யாரோ புதுசாக விசில் வெடி கண்டுபிடித்துச் சோதனை பார்க்கிறார்கள் என்று பட்டது. அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை, சத்தம் யாருடையது என்று விசாரித்து, காளிராஜையும் கூட்டிக்கொண்டு அவரே யோபு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“என்ன யோபு, நல்லாருக்கீகளா?”

முதலாளி வாயிலிருந்து ‘இருக்கீகளா’ வந்ததும் யோபு பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டார். அதுவரை ‘ஏலே’யைத் தாண்டி எதுவும் வந்ததில்லை.

“நேத்து ஒரு சத்தம் கேட்டேன். எம்புட்டு நேரம் நீளுது! நம்ம விசில் வெடி மூணு செகண்டுல மூச்ச விட்டுருது. இது என்ன மருந்து?”

“மருந்தே இல்ல மொதலாளி. வால்வு.”

“வால்வு.” முதலாளி அந்தச் சொல்லை நாக்கில் உருட்டிப் பார்த்தார். மருந்துக் கலவை வைத்திருக்கிற யாரும் முதல் கேள்விக்கே ‘மருந்து இல்லை’ என்றுதான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். “பம்பாய்லருந்து வருதா?”

“மெட்ராஸ்லயே கெடைக்கும்.”

“எம்புட்டு போடணும்?”

“ரெண்டு போதும். நேத்து நான் எட்டு ஜோடி போட்டேன்.”

“எட்டு ஜோடியா!” காளிராஜ் வாயைப் பிளந்தார். “நனைஞ்சா கெட்டுருமா அண்ணாச்சி?”

“கெட்டுரும்.”

“சூடு தாங்குமா?”

“சூடானாத்தான தம்பி அது வேலையே செய்யும்?”

முதலாளியும் காளிராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோபு சொன்னது அத்தனையும் சத்தியம். அவர்கள் புரிந்துகொண்டது அத்தனையும் வேறு. அவர் மறுபடியும் விளக்க வாயைத் திறந்தபோது, அடுப்படியிலிருந்து இன்பம் வெளியே வந்தாள்.

“மொதலாளி, அவுக வாயால சொல்லத் தெரியாதவுக. செஞ்சுதான் காட்டுவாக. மொதல்ல எங்க மருந்து ரூமுக்கு ரெண்டாவது வாசல் வைங்க. என் மூலைப் பக்கமா, வெளிய தொறக்கிற கதவா. வச்ச மறுநாளு அவுக எல்லாத்தையும் ஒங்க கண்ணு முன்னால செஞ்சு காட்டுவாக.”

“ஒரு வாசல்தான? வச்சாச்சுன்னு வச்சுக்கோங்க” என்றார் முதலாளி.

அவர்கள் போனதும் யோபு தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “இது பொய்யில்லையா இன்பம்?”

“நீங்க ஒரு பொய் சொன்னீகளா?”

“இல்ல.”

“நான் சொன்னேனா?”

“செஞ்சு காட்டுவாகன்னு...”

“காட்டத்தான போறீக?”

யோபுவை உறுத்தியது பொய் மட்டுமல்ல. தன் இசையைக் கேட்டு ‘இன்னும் நீளுமா’ என்று ஆசைப்பட்ட முதல் மனிதர் இந்த முதலாளிதான். அவரும் அதை வெடி என்றல்லவா நினைத்துவிட்டார்? அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று பிடிபடவில்லை.

சுவர் இடிந்தது. நிலை வைக்கிற நாளன்று இன்பம் இன்னொரு காரியமும் செய்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் வேதம் வாசிக்கிறவள், முதலாளியின் வீட்டுக்கே போய் அவர் மனைவி பத்திரகாளியம்மாளை அழைத்தாள். “நீங்க வந்து ஒங்க கையால மஞ்சள் குங்குமம் வைக்கணும்மா. இல்லைன்னா எங்களுக்கு மனசு ஒப்பாது.” இருளம்மாள் நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்துவந்தாள். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பத்திரகாளியம்மாள் முடிச்சை நிலைக்கு அடியில் போட்டு, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தார். எட்டுப் பெண்களும் குலவையிட்டார்கள். யோபு அந்தக் குலவையைத் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு, “இதுல எட்டும் தனித்தனியாத் தெரியுது” என்று பொறாமையாகச் சொன்னார்.

மறுநாள் ஆனைக்குட்டம் பக்கம், ஆள் நடமாட்டமில்லாத ஆற்று மணலில் சோதனை. மற்றக் கம்பெனிக்காரர்கள் காதில் விழக்கூடாது என்று முதலாளிதான் அந்த இடத்தைச் சொன்னார். யோபு பாட்டரி, பெட்டி, செம்பு எல்லாவற்றையும் இறக்கிவைத்து, குழாயை உடை மரத்தில் கட்டினார். முதலாளியும் காளிராஜும் ஐம்பது கஜம் தள்ளிப்போய், ஒரு மேட்டுக்குப் பின்னால் குனிந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். யோபு செம்புக்கு மேலே கையை அசைத்தார். எட்டு ஊளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. இருபது நிமிடம் வாசித்தார். அவ்வளவு அமைதியாக உட்கார்ந்து கேட்ட கூட்டம் அவருக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. முடித்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

மேட்டுக்குப் பின்னாலிருந்து முதலாளியின் தலை எழும்பியது. “ரேடியோவ நிப்பாட்டியாச்சா? சரி, எப்பப் பத்த வைக்கப் போறீக?”

“இதான் மொதலாளி.”

“எது?”

“அன்னைக்குக் கேட்டது. இப்பக் கேட்டது. வால்வு இந்தா இருக்கு.” கண்ணாடிக் குமிழ் ஒன்றைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். அது சூடாக இருந்ததால் முதலாளி உதறிப் போட்டார்.

காளிராஜ் மணலைப் பார்த்தார். முதலாளிக்கு முகம் சிவந்து, ‘இருக்கீகளா’ எல்லாம் ஒரே மூச்சில் பறந்துபோனது. “ஏலே! ரேடியோப் பெட்டிய வச்சுக்கிட்டு என்னையவா ஏச்சுப்புட்ட? காளிராஜ், நாளைக்கு விடியிறதுக்குள்ள அந்த வாசல அடைச்சிருக்கணும்!”

அடைக்க முடியவில்லை. கொத்தனார் செங்கலோடு வந்து நின்றபோது பத்திரகாளியம்மாளும் வந்து நின்றுவிட்டார். “நான் பொட்டு வச்ச நிலையப் பிடுங்குறதாவது? தை மாசம் பிள்ளைக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு இப்படி ஒரு காரியம் செய்வாகளா?” என்றார். முதலாளி கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார். ஆனால் முதலாளி முதலாளிதானே! நிலையைத் தொடவில்லை. கதவுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் யோபுவுக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. மறுநாள் காலை எட்டு மணிக்கு முதலாளியின் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் குழாயைக் கட்டினார். எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பெண்கள் வேலை முடிந்து வெளியே வரும் மணிவரை. முதலாளி ஏட்டுக்கு ஆள் அனுப்பினார். ஏட்டு கோட்டைச்சாமி வந்தார். யோபு நகலை நீட்டினார். ஏட்டு தன் கையெழுத்தைத் தானே இரண்டு தடவை படித்தார். “பேச்சுன்னா தடுக்கலாம். பாட்டுன்னாலும் தடுக்கலாம். இது வெறும் சத்தம்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேனே மொதலாளி” என்று சொல்லிவிட்டு, காதில் விரலை விட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பத்திரகாளியம்மாள் தலைவலிக்குப் பத்துப் போட்டுக்கொண்டு, முதலாளியின் இடுப்பிலிருந்த சாவியை உருவிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஊளைக்கு நடுவே கம்பெனிவரை நடந்து, மருந்து அறைக்குப் போய், தன் கையாலேயே பூட்டைத் திறந்து, பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கிணற்றில் போட்டார். பிறகு இன்பத்தைப் பார்த்து, “இப்பவாவது ஒன் புருசன நிறுத்தச் சொல்லு தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார்.

யோபு நிறுத்தினார். ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது அவருக்கே கேட்டது. தன் இசையால் இந்த உலகத்தில் ஒரு கதவு திறந்தது என்பதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் அது நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் திறந்தது என்பதை அவர் டீக்கடையில் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி அதன் பிறகு அவரோடு பேசவில்லை.

1961இல், தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது, காலை பதினோரு மணிக்கு அந்த மருந்து அறையில் தீப்பிடித்தது. யோபு தன் ரிப்பேர் கடையில் ஒரு ரேடியோவுக்கு முன்னால் குனிந்திருந்தார். சத்தம் வந்த திசையும் அதன் கனமும் போதும்; எந்த அறை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பில்லாமல் ஓடினார். வழியில் ‘இன்பம், இன்பம்’ என்று கத்திக்கொண்டே ஓடினார் என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். அவருக்கு அது நினைவில்லை.

கம்பெனி வேலிக்கு வெளியே எட்டுப் பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருளம்மாளுக்கு முழங்கைவரை வெந்திருந்தது. இரண்டு பேருக்கு முடி கருகியிருந்தது. இன்பம் விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். முதலாளி காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, பெண்களை விரல் நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். வெள்ளை வேட்டியோடு அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். “காளிராஜ், ஆசாரிக்கு ஆள் அனுப்பு. மத்த ரூம் எல்லாத்துக்கும் ரெண்டாவது வாசல் வைக்கணும்” என்றார்.

யோபு இன்பத்தின் முன்னால் குந்தினார். “எந்த வாசல் வழியா வந்த?”

“அதையா பாத்துக்கிட்டு ஓடுவாக? வெளிச்சம் தெரிஞ்ச பக்கம் ஓடுனேன்.”

சாயங்காலம், தண்ணீர் ஊற்றிப் புகை அடங்கிய பிறகும் பெண்கள் கலையவில்லை. யோபு மட்டும் அறைக்குள் போனார். கூரை இல்லை. சுவர்கள் கருத்து நின்றன. இன்பம் உட்காரும் மூலையிலிருந்து பழைய வாசல்வரை அடிமேல் அடி வைத்து அளந்தார். பதினெட்டு வந்தது. திரும்பி வந்து, புது வாசலுக்கு அளந்தார். மூன்று. வெளியே வந்து இன்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, முதலாளி, போர்மேன், ஏட்டு எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

“ஏங்க, ஊரே பாக்குது” என்றாள் இன்பம்.

அவர் நிறுத்தவில்லை. அவளும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.